வலி போன பின்னும் ஆறாத தசை

1

நாளை மறுநாள் பேச்சி ஓடுகிறாள். தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசையில் இருக்கும் என் அக்கா மகன் முருகையாவின் மகள் அவள். போலீஸ் வேலைக்கான எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள். மிச்சமிருப்பது உடல்திறன் தேர்வு. முதலில் நானூறு மீட்டர் ஓட்டம். அதில் தேறினால்தான் நீளம் தாண்டுதலுக்கும் பந்து எறிதலுக்கும் விடுவார்கள். அவற்றில் வாங்கும் மதிப்பெண் எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணோடு சேரும். இந்த ஆண்டோடு அவளுக்கு வயது வரம்பு முடிகிறது. தவறினால் மறுமுறை கிடையாது. இந்த நேரம் பார்த்துத்தான், போன சாரல் காலத்தில், அவளுடைய வலது பின்தொடைத் தசை கிழிந்தது.

இதை ஜெர்மனியின் தெற்கில் ஒரு சிறிய ஊரில், மூன்றாம் மாடி வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஓய்வு பெறும் வரை இங்கே ஓர் இயந்திரத் தொழிற்சாலையில் அளவுச் சோதனைப் பிரிவில் இருந்தேன். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்து, அதில் இரண்டு கூடினாலும் பொருளைத் திருப்பி அனுப்புவது என் வேலை. வேலை போனாலும் புத்தி போகவில்லை. எதிர்வீட்டு ஜன்னல்களை எண்ணுகிறேன், இருபத்திரண்டு. ரொட்டிக் கடையில் எனக்கு முன்னால் நிற்பவர்களை எண்ணுகிறேன். மாத்திரை அட்டையில் மிச்சத்தை எண்ணுகிறேன். மனைவி இருந்தபோது, “எண்ணி முடிஞ்சுட்டுன்னா சாப்பிட வாங்க” என்பாள். இப்போது அப்படிக் கூப்பிட ஆள் இல்லாததால் எண்ணிக்கை நீண்டுகொண்டே போகிறது.

மகள் ஆனந்தி இரண்டு ரயில் மாறிப் போகும் தூரத்தில் இருக்கிறாள். ஞாயிறுதோறும் பேசுவாள். தமிழில் தொடங்கி, இரண்டாவது வாக்கியத்தில் ஜெர்மனுக்குப் போய், “அப்பா, நீ மாத்திரை போட்டியா” என்று மறுபடி தமிழில் வந்து முடிப்பாள். ஊரில் யாரும் அப்பாவை நீ என்பதில்லை. திருத்தி அலுத்துவிட்டேன். அவள் ஆராய்ச்சி செய்வது தசைகளைப் பற்றி. எலி, தசை, செல் என்ற மூன்று சொற்களைத் தாண்டி அந்த வேலைக்குள் நான் போனதில்லை. பேச்சியின் கால் கிழிந்த பிறகுதான் என் மகள் இத்தனை ஆண்டுகளாக என்ன செய்துகொண்டிருக்கிறாள் என்பது எனக்கு விளங்கியது.

2

ஊருக்குப் போனால் முருகையா வீட்டில்தான் தங்குவேன். காலையில் பேச்சியோடு தென்காசியில் ஒரு பள்ளி மைதானத்துக்குப் போவது வழக்கமாகிவிட்டது. அங்கே செல்லத்துரை என்ற ஓய்வுபெற்ற ஹவில்தார், போலீசுக்கும் ராணுவத்துக்கும் முயற்சி செய்கிற பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறார். அன்று பதினாறு பையன்களும் பேச்சியோடு சேர்த்து ஐந்து பெண்களும் வந்திருந்தார்கள். தூறிக்கொண்டிருந்தது. எங்கள் பஸ் தாமதம். மற்றவர்கள் உடம்பைச் சூடாக்கி முடித்திருந்தார்கள். பேச்சி பையை என் மடியில் போட்டுவிட்டு நேரே வரிசையில் போய் நின்றாள்.

விசில் ஊதியது. பாதி தூரத்தில் அவள் நின்று பின்னால் திரும்பிப் பார்த்தாள். யாரையோ தேடுகிற பார்வை. பிறகு வலது காலைத் தரையில் ஊன்றாமல் இரண்டு தாவு தாவி உட்கார்ந்துவிட்டாள்.

“யாரு கல்லெறிஞ்சா?” என்று கேட்டாள்.

யாரும் எறியவில்லை. பின்தொடைத் தசை கிழியும்போது பின்னாலிருந்து யாரோ அடித்தது போலத்தான் இருக்குமாம்.

செல்லத்துரை குனிந்து பார்த்தார். “சுளுக்குதான். ரெண்டு நாள் உக்காரு. அதுக்கு மேல உக்காந்தேன்னா தேர்வுக்கும் உக்காந்துதான் இருப்ப” என்றார்.

முருகையா பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் கமிஷன் கடை வைத்திருக்கிறான். போனில் கூப்பிட்டபோது பின்னால் சின்ன வெங்காயம் ஏலம் போய்க்கொண்டிருந்தது.

“எலும்புக்கு ஒண்ணுமில்லயே மாமா?”

“எலும்பு இல்லலே. தசை.”

“அப்பம் சரி. தசைதான, அது பாட்டுக்கு வளந்துரும்” என்று சொல்லிவிட்டு ஏலத்துக்குத் திரும்பிவிட்டான்.

முருகையாவின் அப்பா தலைமைக் காவலராக இருந்தவர். முருகையாவும் இளம் வயதில் போலீசுக்குப் போனான். மார்பளவு அரை அங்குலம் குறைந்தது என்று வெளியே அனுப்பிவிட்டார்கள். அந்த அரை அங்குலத்தைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. ஆனால் பேச்சிக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அவன் அவளை ஓட வைத்துக்கொண்டிருக்கிறான்.

3

மறுநாள் முருகையாவின் மனைவி மாரியம்மாள் ஒரு யோசனை சொன்னாள். “குத்தாலத்துல தண்ணி நல்லா விழுதாம். எண்ணெயப் போட்டு உருவி, அருவிக்கு நேரா காலக் காட்டுனா சுளுக்கு ஓடிரும்.”

யாருக்கும் அதில் சந்தேகம் வரவில்லை. வெளியூர்க்காரர்கள் குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறார்கள். நாங்கள் அடி வாங்கப் போகிறோம். தோள் பிடித்திருந்தால் தோளைக் காட்டுவோம், இடுப்பு பிடித்திருந்தால் இடுப்பைக் காட்டுவோம். அருவி போடுகிற போட்டில் எல்லாம் இளகிவிடும். நானும் எத்தனையோ முறை என் கழுத்தை அப்படிக் கொடுத்திருக்கிறேன்.

போதாததற்கு, ஜெர்மனியில் சதைப் பிடிப்பு என்றால் உடனே ஐஸ் வைக்கச் சொல்வார்கள். ஆகவே, “குளிர்ந்த தண்ணி நல்லதுதான்” என்று நானும் சொன்னேன். ஐஸ் என்றால் குளிர்ச்சி மட்டும். அருவி என்றால் குளிர்ச்சியும் அடியும். அடியை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

பேரருவியில் நல்ல கூட்டம். நான் வெளியே நான்கு பைகளுக்கும் ஐந்து ஜோடிச் செருப்புக்கும் காவலாக உட்கார்ந்தேன். ஐந்தாவது ஜோடி யாருடையது என்று தெரியவில்லை. முருகையா எண்ணெய் தேய்ப்பவரிடம் முதுகைக் கொடுத்துக் குப்புறக் கிடந்தான். மாரியம்மாள் பேச்சியைப் பெண்கள் பக்கம் கூட்டிப்போய், நல்லெண்ணெய் ஊற்றிக் கிழிந்த இடத்தைக் கட்டைவிரலால் மேலிருந்து கீழாக உருவியிருக்கிறாள். பேச்சி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். பிறகு அருவிக்கு முதுகு காட்டி, வலது காலை மட்டும் ஒரு படி பின்னால் தள்ளி வைத்து, தண்ணீர் நேரே தொடையில் விழும்படி நின்றிருக்கிறாள். நல்ல பிள்ளை. சொன்னதைச் செய்தாள்.

திரும்பி வரும்போது உதடு நீலமாக இருந்தது.

“எப்பிடிட்டி இருக்கு?” என்றான் முருகையா.

“வலியே தெரியலப்பா.”

“பாத்தியளா மாமா?” என்று என் பக்கம் திரும்பினான். எல்லோருக்கும் நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கினான்.

குளிரில் கால் மரத்திருந்தது, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து சூடேறியதும் தொடை வீங்கத் தொடங்கியது. மறுநாள் காலை முழங்கால் மடிப்பு வரைக்கும் நாவல்பழ நிறம் இறங்கியிருந்தது.

4

அளக்காமல் எனக்குத் தாங்காது. தையல் டேப்பைக் கொடுத்து அனுப்பினேன். அறைக்குள்ளிருந்து மாரியம்மாள் சொன்னாள்: “இடது இருவது. வலது இருவத்தி ரெண்டே கால்.”

தென்காசியில் ஸ்கேன் எடுத்த டாக்டர், தசை பாதி கிழிந்திருக்கிறது, உள்ளே ரத்தம் தேங்கியிருக்கிறது என்றார். ஆபரேஷன் தேவையில்லை, ஆனால் இனி யாரும் உருவக்கூடாது என்று மூன்று முறை சொன்னார். அவருக்கு எங்கள் ஊரைத் தெரியும்.

அன்று ஞாயிறு. ஆனந்தி வீடியோவில் வந்தாள். என் மாத்திரையை விட்டுவிட்டுப் பேச்சியின் காலைக் கேட்டாள். நான் அருவிக் கதையைச் சொன்னேன். அவள் முகம் திரைக்கு மிக அருகில் வந்தது.

“யார் அழுத்தினது?”

“நான்தான்” என்றாள் மாரியம்மாள், கதவுக்குப் பின்னாலிருந்து.

“அக்கா, தயவுசெய்து இனிமேல் தொடாதீர்கள்.” ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் கற்ற தமிழ். அந்தத் ‘தீர்கள்’ மாரியம்மாளை உண்மையாகவே பயமுறுத்திவிட்டது.

பிறகு ஆனந்தி விளக்கினாள். தமிழ், ஜெர்மன், ஆங்கிலம் மூன்றையும் கலந்து அவள் சொன்னதை என்னால் முடிந்த அளவு எளிதாக எழுதுகிறேன்.

தசை என்பது மெல்லிய இழைகளின் கட்டு. ஒவ்வோர் இழைக்கும் ஓர் உறை உண்டு. இழைக்கும் உறைக்கும் நடுவில், ஒட்டிக்கொண்டு, சின்னச் சின்ன ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. சாதாரண நாட்களில் அவை எந்த வேலையும் செய்வதில்லை. “அது தூங்குது” என்றாள் ஆனந்தி.

“காலு தூங்குதுங்காளா? மரத்துப் போச்சுங்காளா மாமா?” என்றான் முருகையா.

“காலு இல்லலே. செல்லு.”

“செல்லு முழிச்சுத்தான இருக்கு. பேசிக்கிட்டுல்லா இருக்கா” என்று கையிலிருந்த போனைக் காட்டினான். பேச்சி வலியோடு சிரித்தாள்.

இழை கிழிந்தால் அந்தச் செல்கள் விழித்துக்கொள்கின்றன. விழித்ததும் பெருகுகின்றன. பெருகியவற்றில் ஒரு பகுதி ஒன்றோடொன்று இணைந்து புது இழையாகிறது, அல்லது கிழிந்த இழையின் முனைகளோடு சேர்ந்து அதை மூடுகிறது. இன்னொரு பகுதி பழையபடி உறைக்கு அடியில் போய்த் தூங்கப்போகிறது, அடுத்த முறை கிழிந்தால் வேண்டுமே என்று. இந்தக் கடைசிச் செய்தி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கையிருப்பை முழுதும் தீர்த்துவிடாத அந்த ஒழுங்கு எந்தத் தொழிற்சாலையிலும் நான் பார்க்காதது.

ஆனால் அதற்கு முன்னால் செத்த இழைகளை அப்புறப்படுத்த வேண்டும். ரத்தத்திலிருந்து வேறு செல்கள் வந்து அதைத் தின்று தீர்க்கின்றன. ஸ்டெம் செல்களை எழுப்பிவிடுவதிலும் அவற்றுக்குப் பங்குண்டு. முதல் சில நாள் வீக்கம் என்பது பெரும்பாலும் அந்த வேலை நடப்பதன் அடையாளம். அந்த நேரத்தில் உருவினாலோ அடித்தாலோ புதிதாக ரத்தம் கசிகிறது; கட்டியது பிரிகிறது. தசை வளர வேண்டிய இடத்தில் தழும்பு முடிச்சு வளர்ந்துவிடும். சில பேருக்கு அந்த இடத்தில் எலும்பு போலவே கெட்டியாகிவிடுவதும் உண்டு.

முருகையா அதற்கு மேல் சிரிக்கவில்லை.

பேச்சி ஒன்றே ஒன்று கேட்டாள். “சித்தி, நான் எப்பம் ஓடலாம்?”

“தெரியாது. எலின்னா சொல்லுவேன். உன் காலை எனக்குத் தெரியாது.”

படித்த பிள்ளை இப்படிச் சொல்லலாமா என்று எனக்குக் கோபம் வந்தது. பேச்சி கோபப்படவில்லை. “சரி சித்தி, தெரிஞ்சத மட்டும் சொல்லுங்க” என்றாள். அன்றிலிருந்து அவர்கள் இருவரும் நேராகவே பேசிக்கொள்ள ஆரம்பித்தார்கள். நான் நடுவில் தேவைப்படவில்லை.

5

தேர்வுத் தேதி வந்தது. செல்கள் நிதானமாக வேலை செய்ய நேரம் தராத தேதி.

இங்கே ஜெர்மனியில் டாக்டர் சீட்டு இருந்தால் எதையும் தள்ளிப்போடலாம். ஓட்டுநர் தேர்வைத் தள்ளினேன். ஒரு முறை நீதிமன்றச் சாட்சியத்தையே தள்ளினேன். அந்தப் பழக்கத்தில், ஸ்கேன் படமும் டாக்டர் சான்றும் எடுத்துக்கொண்டு பேச்சியோடு ஆலங்குளம் வழியாகத் திருநெல்வேலிக்குப் பஸ் ஏறினேன். ஓர் அலுவலகத்தில் இன்னோர் அலுவலகத்தைக் காட்டினார்கள். மூன்றாவது மேசையில் ஒரு நடுவயதுக்காரர் சான்றைக் கையில் வாங்காமலே படித்தார்.

“அய்யாவுக்கு எந்த ஊரு?”

“தென்காசி. இருப்பது ஜெர்மனியில்.”

“அங்கன தேதிய மாத்துவாங்களோ?”

“இது இருந்தால் மாற்றுவார்கள்.”

“இங்கன இத நான் வாங்குனேன்னா, இந்தப் பிள்ளைக்குக் காலு சரியில்லன்னு எழுதிக்கிடுவாங்க. நாளைக்கு அது நல்லா ஓடுனாலும் இந்தத் தாள் அங்கனயே கெடக்கும். வாங்கட்டுமா?”

அவர் கேலியாகக் கேட்கவில்லை. கை நீட்டியபடி உண்மையாகவே காத்திருந்தார். நான் தாளை மடித்துப் பையில் வைத்தேன். எழுந்திருக்கும்போது வாய் தவறி, “டாங்கே” என்றேன். அவர் விழித்தார்.

“தாத்தா தேங்க்ஸ் சொல்லுதாங்க சார்” என்றாள் பேச்சி.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். ஆலங்குளம் தாண்டும்போது சொன்னாள். “நல்லவேளை தாத்தா, வாங்கிக்கிடல.” அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்தால் நானும் ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும்.

6

அதற்குப் பிறகுதான் உண்மையான ஆபத்து வந்தது. வலி போய்விட்டது.

நிறம் நாவல்பழத்திலிருந்து பச்சைக்கும் பச்சையிலிருந்து மஞ்சளுக்கும் போய் மறைந்தது. பேச்சி மாடிப்படி ஏறி இறங்கினாள். முருகையா சந்தையிலிருந்து வந்ததும் வராததுமாக, “நாளைக்கு மைதானத்துக்குக் கெளம்புட்டி” என்றான். செல்லத்துரையும் வீட்டுக்கே வந்துவிட்டார். “வலிதான் இல்லயே. இன்னும் என்னத்துக்கு உக்காந்திருக்கா?”

ஆனந்தி வீடியோவில் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். வலி போவது கிழிசல் மூடியதற்கு அடையாளம், பலம் வந்ததற்கு இல்லை. புது இழைகள் இன்னும் மெலிதாக இருக்கின்றன. அவை தடிக்க வேண்டும், நரம்போடு சேர வேண்டும், பக்கத்து இழைகள் போகிற திசையில் நேராக வேண்டும். அதற்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுமை கொடுக்க வேண்டும். படுக்கையில் கிடந்தாலும் கெடும், பாய்ந்து ஓடினாலும் கெடும்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. மறுபடி டேப்பைக் கொடுத்தேன். “இடது இருவது. வலது பத்தொம்பது” என்றாள் மாரியம்மாள். குரல் இறங்கியிருந்தது. வீக்கம் வடிந்த தொடை, மற்றதைவிட ஓர் அங்குலம் சிறுத்திருந்தது. முருகையா அதைக் கேட்டதும் எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டான். அரை அங்குலத்துக்கு வெளியே அனுப்பப்பட்டவனுக்கு ஓர் அங்குலம் என்றால் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அன்றைக்கே அவன் போனில் ஒரு விளம்பரத்தைக் கொண்டுவந்து காட்டினான். ஏதோ பெரிய நகரத்தில் ஏதோ ஒரு கிளினிக். கிழிந்த தசைக்கு ஸ்டெம் செல் ஊசி, உடனே விளையாடலாம் என்று போட்டிருந்தது. “ஆனந்தி சொன்னது இதத்தான மாமா? தூங்குதத எழுப்பாண்டாம். முழிச்சதயே ஊசில ஏத்திருவோம்.”

அனுப்பிவைத்த விளம்பரத்தை ஆனந்தி பெரிதாக்கிப் படித்தாள். “அந்த ஊசியில என்ன இருக்குன்னு அவங்க எழுதலை. எங்கிருந்து எடுத்ததுன்னும் எழுதலை. நாங்க எலியில ஊசி போட்டுப் பார்க்கிறோம், போட்டதில் பெரும்பகுதி செத்துப்போகுது. பேச்சிக்கு வேண்டியது அவ கால்லயே இருக்கு. அதை வேலை செய்ய விடுங்க.”

“விட்டா, தேர்வு முடிஞ்சப்புறம்லா வேலைய முடிக்கும்?”

இதற்குப் பதில் கண்டுபிடித்தது பேச்சி.

ஆனந்தி சொன்ன பயிற்சிகளை அவள் தினமும் செய்துவந்தாள். மல்லாந்து படுத்துக் குதிகாலை ஊன்றி இடுப்பைத் தூக்குவது, மெதுவாக இறக்குவது. பிறகு நடை, பிறகு மெல்லோட்டம். பாய்ச்சல் இல்லை. நானூறு மீட்டருக்குப் பாய வேண்டியதில்லை, ஒரே சீராக ஓடினால் தேறிவிடலாம் என்று அவளுக்குத் தெரியும். அவளை உறுத்தியது தாண்டுதல். அவள் எப்போதும் வலது காலை உதைத்துத்தான் எழும்புவாள். கிழிந்தது அந்தக் கால். ஒரு நாள் வீடியோவில் ஆனந்தியோடு கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் பேசினாள். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. என் மகள் தமிழில் சிரிப்பதை நான் அதிகம் கேட்டதில்லை. பேச்சி வெளியே வந்து சொன்னாள்: “இடது கால்ல தாண்டப் போறேன்.”

மைதானத்தில் செல்லத்துரை தலையில் கை வைத்துக்கொண்டார். “வலக்கையால எழுதுதவள இடக்கையால பரீட்ச எழுதச் சொல்லுத மாதிரில்லா இருக்கு?”

“கிழிஞ்ச கையால எழுதுததுக்கு அது மேலு சார்.”

முதல் நாள் மணலுக்கு வராமலே இடறி விழுந்தாள். இரண்டாம் நாள் பக்கவாட்டில் விழுந்தாள். பையன்கள் சிரித்தார்கள். ஒருவன் கொக்கு மாதிரி ஒற்றைக் காலில் நின்று காட்டினான். செல்லத்துரை அவனை மைதானத்தைச் சுற்றி ஓட விட்டார். ஆனால் அவரும் வேறு பக்கம் திரும்பிச் சிரித்ததை நான் பார்த்தேன். முருகையா என்னிடம் சொன்னான்: “மாமா, நீங்களும் உங்க மகளும் சேந்து எம்புள்ளைக்கு இருக்குத ஒரு வாய்ப்பையும் கெடுத்துராதிய.” அவன் குரலை உயர்த்தவில்லை. அதனால்தான் அது இன்னும் காதில் இருக்கிறது.

அடுத்த வாரம் எனக்கு விமானம். பேச்சி அதுவரை ஒரு முறைகூட இடது காலில் ஒழுங்காகத் தாண்டியிருக்கவில்லை.

7

இங்கே திரும்பி வந்தது முதல், வாரம் ஒருமுறை நடைப் பயிற்சிக்குப் போகிறேன். போன குளிர்காலத்திலிருந்தே என் தொடைகள் இளைத்துவிட்டன. நாற்காலியிலிருந்து எழக் கைப்பிடி வேண்டும். இன்று ஆனந்தியிடம் கேட்டேன்: “என் காலில் அந்தச் செல்கள் எத்தனை மிச்சமிருக்கும்?”

“வயசானா குறையும். இருக்கிறதும் லேசில் எழுந்திருக்காது.”

“எத்தனை என்று கேட்டேன்.”

“எண்ணணும்னா வெட்டிப் பார்க்கணும். வெட்டவா?”

வேண்டாம் என்றேன். பிறகு அவள், “நான் நாளைக்கு வர்றேன்” என்றாள். நாளை வேலை நாள். ஏன் என்று கேட்டால் மனம் மாறிவிடுவாளோ என்று கேட்கவில்லை.

8

இன்றுதான் தேர்வு. ஆனந்தி காலையிலேயே வந்துவிட்டாள். மேசையில் போனை வைத்து எதிரெதிரே உட்கார்ந்தோம். அவள் நகத்தைக் கடித்தாள். சிறுவயதில் விட்ட பழக்கம்.

முருகையா திருநெல்வேலி மைதானத்து வாசலில் நின்று கூப்பிட்டான். பிள்ளைகளை மட்டும் உள்ளே விட்டு, போன்களை வாங்கி வைத்துக்கொண்டார்களாம். மதில் உயரமாம், ஒன்றும் தெரியவில்லையாம். “விசில் சத்தம் மட்டும் கேக்கு மாமா.” வைத்துவிட்டான்.

மறுபடி கூப்பிட்டான். “ஓட்டத்துல தோத்த பிள்ளைங்க வெளிய வருது. அழுதுக்கிட்டே வருது. நம்ம பிள்ள இன்னும் வரல.”

“வரல என்றால் நல்லதுதானே?”

“தெரியல. இப்பம் ஒரு ஆம்புலன்ஸ் உள்ள போச்சு.”

ஆனந்தி எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். “நான் சுமை சீக்கிரம் கூட்டிட்டேனோ” என்று ஜெர்மனில் சொன்னாள். என்னிடம் சொல்லவில்லை, கண்ணாடியிடம் சொன்னாள். ஆராய்ச்சிக் கூடத்தில் அவள் தவறு செய்தால் எலி நொண்டும். இது பேச்சி. அவளுக்கு ஆறுதல் சொல்ல எந்த மொழி என்று தேர்வதற்குள் நேரம் போய்விட்டது. தேநீர் போட்டேன். இரண்டு பேரும் குடிக்கவில்லை. அந்த நேரத்தில் நான் எதையும் எண்ணவில்லை என்பதை இப்போது எழுதும்போதுதான் கவனிக்கிறேன்.

போன் அடித்தது. முருகையா எண். ஒலிபெருக்கியைப் போட்டேன். பேசியது பேச்சி.

“தாத்தா, ஓட்டத்துல தேறிட்டேன்.”

“ஆம்புலன்ஸ்?”

“அது வேற பிள்ள, பாவம், மயங்கிட்டு. நான் ஒரே சீரா ஓடுனேன். எல்லாரும் என்னத் தாண்டித் தாண்டிப் போனாங்க. போகட்டும்னு விட்டுட்டேன். கடைசி நூறு மீட்டருல அதுல பாதிப் பேரு நடந்துக்கிட்டு நிக்காங்க.”

“தாண்டுதல்?”

“மொதல் தடவ பழக்கத்துல வலது காலு வந்துட்டு. நல்லவேளை, எம்பாம மணலுக்குள்ள ஓடிட்டேன். ரெண்டாவது இடது கால்ல தாண்டுனேன். கம்மியான மார்க்குதான் கெடச்சிது. அங்கன இருந்த மேடம், இன்னொரு வாய்ப்பு இருக்கு, நல்லா உதைச்சுத் தாண்டுனா முழு மார்க்குன்னாங்க. வலதுல தாண்டலாமான்னு ஒரு நிமிசம் ஆசை வந்துச்சு.”

ஆனந்தி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“திரும்பவும் இடதுலதான் தாண்டுனேன். அதே மார்க்குதான். பந்த மட்டும் நல்லா எறிஞ்சேன். கைக்கு ஒண்ணுமில்லயே. இனிமே பட்டியல் வந்தாத்தான் தெரியும். எழுத்துல நல்ல மார்க்கு இருக்கதுனால கெடைச்சிரும்னு செல்லத்துரை சார் சொல்லுதாங்க.”

பின்னால் முருகையா யாரிடமோ, “எடது கால்ல தாண்டிட்டா வே எம்புள்ள. பழக்கமே இல்லாத கால்ல” என்று சத்தமாகச் சொல்வது கேட்டது.

ஆனந்தி போனை எடுத்து வாயருகே வைத்துக்கொண்டாள். மதிப்பெண்ணைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

“வலது கால் எப்படி இருக்கு? இழுக்குதா? ஒரு இடத்தில் மட்டும் குத்துதா?”

“குத்தல சித்தி. ரெண்டு தொடையும் கடுக்கு. நடக்கவே முடியல.”

“ரெண்டுமா?”

“ரெண்டும்தான். ஒண்ணு போலக் கடுக்கு. எது கிழிஞ்ச காலுன்னு எனக்கே தெரியல.”

ஆனந்தி போனை மேசையில் வைத்தாள். நானும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். இருந்தும் அவள் என் கையைப் பிடித்து, எனக்கு ஒன்றும் தெரியாதது போல, மெதுவாக, தமிழிலேயே சொன்னாள்:

“அப்பா, எது கிழிஞ்ச கால்னு அவளுக்குத் தெரியலையாம்.”